வாக்கர் எங்கே நடந்தார்?

ஜானி வாக்கர் பாட்டிலில் ஒருவர் உயரத் தொப்பி, கைத்தடி, பளபளக்கும் பூட்ஸ் சகிதம் விறுவிறுவென்று நடந்துகொண்டிருப்பார். குடிக்காதவர்களுக்கும் தெரிந்த படம்தான். 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக்கடை வைத்தவர் ஜான் வாக்கர். அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னால், 1908இல், டாம் பிரவுன் என்ற ஓவியர் இந்தப் படத்தை வரைந்து கொடுத்தார். பெயர் வாக்கர், ஆகவே ஆள் நடக்கிறார். அப்புறம் அந்தப் பெயர் பம்பாய்க்கும் வந்தது. குடிகாரராக நடித்துக் காட்டிய பத்ருதீன் காஜி என்ற நடிகருக்கு குரு தத் அதையே திரைப்பெயராக வைத்துவிட்டார்.

வாக்கர் என்ற குடும்பப் பெயர் காலால் வந்த பெயர் என்பது சரிதான். ஆனால் அந்த நடையில் எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது. முதல் வாக்கர்கள் நின்ற இடத்திலேயே நடந்தவர்கள். ஒரு தொட்டி, அதற்குள் ஈரக் கம்பளித் துணி, புளிக்கவைத்த சிறுநீர், குழைத்த களிமண். பூட்ஸெல்லாம் கிடையாது, வெறுங்கால். கைத்தடியாவது வழுக்கி விழாமல் இருக்க உதவியிருக்கலாம்.

அந்தத் தொட்டிக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு என் ஸ்வெட்டரால்தான் புரிந்தது. ஊட்டிக்குப் போனபோது வாங்கிய நல்ல கம்பளி ஸ்வெட்டர். அழுக்கு போகட்டும் என்று வாஷிங் மெஷினில் போட்டு வெந்நீர் பட்டனைத் தட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் பத்து வயசுப் பையனுக்குப் போடும் அளவுக்கு வந்திருந்தது. அளவு குறைந்ததோடு முடியவில்லை. பின்னல் கண்ணே தெரியாமல் அட்டை மாதிரி கெட்டியாகிவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. எனக்கு நஷ்டம். ஆனால் 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷர்காரர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் வேலை சுத்தம் என்று கூலி கொடுத்திருப்பார்.

ஆட்டு மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு, மீன் செதில் மாதிரி ஒரே திசையில் அடுக்கியவை. ஈரமும் சூடும் பட்டால் அவை விரிகின்றன. அந்த நிலையில் அமுக்கினால், கசக்கினால், ஒரு மயிரின் செதில் இன்னொன்றில் மாட்டிக்கொண்டு முன்னே நகரும், பின்னே வராது. இப்படியே இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, துணி சுருங்கித் தடிக்கிறது. பருத்திக்கு இந்தச் செதில் இல்லை. வேட்டியை எத்தனை நாள் மிதித்தாலும் அது வேட்டிதான். பருத்தியில் வளர்ந்த நம் மொழியில் இந்த வேலைக்கென்று ஒற்றைச் சொல் நாக்கில் வராததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘துணி மிதித்தல்’ என்றே இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி பார்க்கச் சகிக்காது. சாக்கு மாதிரித் தொளதொளவென்று, இழைக்கு இழை சந்து விட்டு, காற்று புகுந்து வெளியே போகும்படி இருக்கும். ஆட்டின் உடம்புக் கொழுப்பு போதாதென்று நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் வெண்ணெயும் வேறு. அதைத் தொட்டியில் போட்டு, பல நாள் வைத்துப் புளித்த சிறுநீரை ஊற்றுவார்கள். அதிலிருக்கும் அம்மோனியா கொழுப்பைப் பிடித்து இழுத்து சோப்பு போல ஆக்கிவிடும். வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பார்கள். இது இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு இல்லை. ரோமாபுரியில் துணி வெளுப்பவர்கள் இதே சரக்கைத்தான் பயன்படுத்தினார்கள். பேரரசர் வெஸ்பாசியன் அதற்கு வரியே போட்டார். இதற்கெல்லாமா வரி என்று மகன் டைட்டஸ் முகம் சுளிக்க, அப்பா ஒரு காசை எடுத்து மூக்கருகே நீட்டி “நாறுகிறதா?” என்று கேட்டாராம். பாம்பேய் நகரச் சுவரோவியம் ஒன்றில் இந்த வேலைக்காரர்கள் தொட்டிக்குள் நின்று மிதிப்பதை இன்றும் பார்க்கலாம்.

சிறுநீருக்கு அடுத்தது களிமண். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகை நுண்மண்ணைக் குழைத்துத் துணியில் பூசி மிதிப்பார்கள். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டிலும் பெட்ஃபர்ட்‌ஷரின் வோபர்ன் பக்கத்திலும் தோண்டினார்கள். கம்பளித் தொழிலுக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதால் 17ஆம் நூற்றாண்டில் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடை போட்டிருந்தார்கள். அதன் பெயர் ஃபுல்லர்ஸ் எர்த். பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், முல்தானி மிட்டிதான். பன்னீரில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டு காயும்வரை சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, அதே மண். ‘துணி மிதிப்பவரின் மண்’ என்பதுதான் அந்த ஆங்கிலப் பெயருக்கு அர்த்தம். ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் என்றால் மூக்கு நுனியின் பிசுக்கையும் எடுக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

மிதித்து முடித்து அலசிய துணியை அப்படியே விட்டால் கோணல்மாணலாகக் காயும். அதனால் வெட்டவெளியில் நீளநீளமான மரச்சட்டங்கள் நட்டு, இரு ஓரமும் கொக்கியில் மாட்டி விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். அந்தக் கொக்கிகளின் பெயர் டென்டர்ஹுக். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் தவிப்பதை ‘டென்டர்ஹுக்கில் கிடக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது இந்த வயல்களிலிருந்துதான் வந்தது.

சரி, பெயருக்கு வருவோம். களிமண்ணுக்குப் பெயர் ஃபுல்லர். ஆளுக்குப் பெயர் வாக்கர். ஏன் இரண்டு? இரண்டு இல்லை, மூன்று. டக்கர் என்றும் ஒரு பெயர் உண்டு (நம்ம ‘டக்கர்’ இல்லை). வாக்கர், ஃபுல்லர், டக்கர் மூவரும் செய்தது அச்சு அசலாக ஒரே வேலை. ஊர்தான் வேறு. யார்க்‌ஷர், லங்காஷர் என்று வடக்கிலும் அதை ஒட்டிய நடுப்பகுதிகளிலும் அவர் வாக்கர். கென்ட், சசெக்ஸ், சஃபோக் என்று தென்கிழக்கில் ஃபுல்லர். டெவன், சாமர்செட் என்று தென்மேற்கு மூலைக்குப் போனால் டக்கர். நெல்லைக்காரர் ஒன்று சொல்ல, கோவைக்காரர் வேறொன்று சொல்வது மாதிரி இது வட்டார வழக்கு வேறுபாடு. பெரும்பாலான வட்டாரச் சொற்கள் கிழவர்களோடு செத்துப்போகும். இவை மனிதர்களின் பெயராக ஒட்டிக்கொண்டதால் செத்துப்போகவில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இந்த மூன்று பெயர்களையும் வரைபடத்தில் குறித்தால், ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு வழக்கின் எல்லைகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. ரயில் வந்து தொழிற்சாலை வந்து ஜனங்கள் கலந்த பிறகும் தெரிகின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்று சொற்களுக்கும் மூன்று வேர். ஃபுல்லர் லத்தீனின் ‘ஃபுல்லோ’விலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்திலேயே புகுந்துவிட்ட சொல், நார்மன் பிரெஞ்சும் பிறகு அதற்கு முட்டுக்கொடுத்தது. டக்கரின் வேர் பழைய ஆங்கில ‘டூசியன்’. அர்த்தம்: வதைப்பது, துன்புறுத்துவது. துணியை அவர்கள் படுத்திய பாட்டைப் பார்த்தால் பொருத்தமான சொல்தான். பள்ளிக்கூடத்தில் ‘சட்டையை டக் இன் பண்ணு’ என்று அதட்டினார்களே, அந்த ‘டக்’கும் இதே வேரில் முளைத்தது.

வாக்கரின் வேர் இன்னும் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கன்’ என்றால் நடப்பது இல்லை. புரள்வது, உருள்வது, அலைக்கழிவது. கடல் அலை புரள்வதற்குச் சொல்வார்கள். துணியைத் தொட்டியில் புரட்டிப் புரட்டி எடுப்பவர் ‘வெயால்கெரே’. காலால் நடந்துபோவது என்ற பொருள் அந்த வினைச்சொல்லுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது, வந்து மற்ற எல்லாப் பொருளையும் விழுங்கிவிட்டது. ஜெர்மனிலும் டச்சிலும் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே ‘வால்கன்’ என்றால் இன்றும் கம்பளியை மிதித்துத் தடிக்கவைப்பதுதான். ஆக, விஸ்கி பாட்டில் ஓவியரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்கு முன்னால் மொழியே தடம் மாறிப் போயிருந்தது.

14ஆம் நூற்றாண்டில் மக்கள் இந்தச் சொற்களைக் கலந்தே புழங்கினார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. வில்லியம் லாங்லாந்து என்ற கவிஞர், தறியிலிருந்து வரும் துணி காலால் மிதிபட்டு, அலசி, பிசிர் எழும்ப முள்ளால் கீறி, இழுத்துக் கட்டி, தையல்காரர் கைக்குப் போகும்வரை உடுத்த லாயக்கில்லை என்று எழுதுகிறார். அந்த நாலைந்து வரிக்குள் ஃபுல்லரின் வினைச்சொல்லும் இருக்கிறது, டக்கரின் வினைச்சொல்லும் இருக்கிறது. அதே நூற்றாண்டில் விக்ளிஃப் பெயரால் வந்த ஆங்கில விவிலியம் மாற்கு சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் உடை பளீரென்று வெளுத்த காட்சிக்கு வருகிறது. உலகத்தில் எந்த ஃபுல்லரும் ‘அல்லது வாக்கரும்’ அப்படி வெளுக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல் போட்டால் பாதி நாட்டுக்குப் புரியாது என்று தெரிந்து இரண்டையும் போட்டிருக்கிறார்கள்.

அதே வசனம் தமிழ் விவிலியத்தில் எப்படி இருக்கிறது? “பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்ப் பிரகாசித்தது.” மல்கியா புத்தகத்தில் ஆங்கிலத்தின் ‘ஃபுல்லர் சோப்பு’ தமிழில் ‘வண்ணாருடைய சவுக்காரம்’ ஆகியிருக்கிறது. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய மத்தியதரைக்கடல் ஊர்களில் புதுத் துணியை மிதித்துத் தடிக்கவைத்தவரும் அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுத்தவரும் ஒரே ஆள்தான். இங்கிலாந்தில் இவருடைய வேலை பெரும்பாலும் தறியிலிருந்து இறங்கிய புதுத் துணியோடுதான். ஆகவே வசனத்துக்கு ‘வண்ணான்’ சரி, வாக்கர் என்ற குடும்பப் பெயருக்கு அந்தச் சொல் ஒத்துவராது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. இந்தப் பெயர்கள் பரம்பரைப் பெயராக உறையத் தொடங்கிய காலத்திலேயே மிதிக்கும் கால்களுக்கு வேலை போக ஆரம்பித்துவிட்டது. 1185இல் டெம்ப்ளர் வீரத் துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது யார்க்‌ஷரின் நியூசமில் துணி மிதிக்கும் நீராலை ஒன்று பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் கிடைக்கும் ஆகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. ஆற்றோட்டம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தின் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் பெரிய மரச் சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கி விடும், அவை தொட்டியில் கிடக்கும் துணிமேல் தொம் தொம் என்று விழும். இரண்டு மூன்று பேர் நாள்பூரா மிதித்த வேலைக்கு, துணியை அவ்வப்போது புரட்டிப்போட ஒரே ஆள் போதும். அந்த ஒரே ஆளையும் வாக்கர் என்றேதான் கூப்பிட்டார்கள். கால் நின்றுபோனாலும் பெயர் நிற்கவில்லை. நாமும்தான் பட்டனை அமுக்கிவிட்டு ‘மாவாட்டுகிறேன்’ என்கிறோம்.

எலினோரா காரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் இந்த ஆலைகளின் பரவலை ‘பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி’ என்றே எழுதினார். பிற்பாடு வந்தவர்கள் அவ்வளவு பெரிய பட்டம் வேண்டாம் என்றார்கள், அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எதிர்ப்பு இருந்தது நிஜம். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஆலை மடத்துக்குச் சொந்தம். ஊரார் எல்லோரும் காசு கொடுத்து அங்கேதான் துணி மிதிக்க வேண்டும் என்று மடாதிபதி சொல்ல, 1274இல் ஜனங்கள் நாங்கள் வீட்டிலேயே காலால் மிதித்துக்கொள்கிறோம் என்று வழக்குவரை போனார்கள். தோற்றார்கள். 1298இல் லண்டன் மிதிகாரர்கள், துணியை ஊருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபர்ட் ஆலைகளுக்கு அனுப்புவதைத் தடுக்கப் பார்த்தார்கள். தொப்பிகளையாவது ஆலையில் போடாமல் கையாலும் காலாலும்தான் மிதிக்க வேண்டும் என்று நான்காம் எட்வர்ட் காலத்தில், 1482 வாக்கில், சட்டமே போட வேண்டியிருந்தது.

குடும்பப் பெயர் எப்படி உறைந்தது என்பதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஊரில் பத்து ஜான் இருந்தால் தொட்டிக்கார ஜான், கொல்லர் ஜான் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முதலில் அடையாளம், அடுத்த தலைமுறையில் பெயர். தெற்கில் முன்னதாகவும் வடக்கில் தாமதமாகவும், 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் வந்துவிட்டது. 1379இல் தலைக்கு 4 பென்ஸ் என்று தொடங்கி வரி விதித்தபோது எழுதிய யார்க்‌ஷர் மேற்குப் பகுதிப் பட்டியல்களில் பெயரோடு பலருக்குத் தொழிலும் குறித்திருக்கிறார்கள். சில வரிகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. சில வரிகளில் பெயர் ஒன்றைச் சொல்கிறது, தொழில் வேறு. மகன் அப்பாவின் தொட்டியை விட்டு வெளியேறியிருக்கிறார், பெயர் மட்டும் பின்னாலேயே வந்திருக்கிறது. தொழிலை விட்டாலும் விடாத பெயர் என்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே அந்தப் பெயர் யாருக்குப் பெண் கொடுப்பது, யார் வீட்டில் சாப்பிடுவது என்பதைத் தீர்மானிக்கும் நிலைக்குப் போகவில்லை. ஒரு வாக்கர் நீதிபதியாக இருக்கலாம், ஒரு ஃபுல்லர் பாதிரியாராக இருக்கலாம், யாரும் தொட்டியை ஞாபகப்படுத்துவதில்லை.

இன்று பிரிட்டனில் அதிகம் உள்ள முதல் இருபத்தைந்து குடும்பப் பெயர்களுக்குள் வாக்கர் வருகிறது. ஒரு நாட்டில் இத்தனை துணி மிதிப்பவர்களா என்றால், இடைக்கால இங்கிலாந்தின் பணமே கம்பளியில்தான் இருந்தது. பிரபுக்கள் சபையின் தலைவர் இன்னமும் கம்பளி மூட்டைமேல்தான் உட்காருகிறார், நிஜமாகவே. ஒரு துணி பல கைகள் மாறும், ஒவ்வொரு கையும் ஒரு பெயர் விட்டுப்போனது. நெய்தவர் வெப், வெப்ஸ்டர், வீவர். சாயம் போட்டவர் தெற்கில் டையர், வடக்கில் லிஸ்டர் (கிருமிநாசினி டாக்டர் லிஸ்டரின் முன்னோர் யாரோ ஒருவர் கையில் நீலம் ஒட்டியிருக்கும்). முள்ளால் கிளப்பிய பிசிரைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டியவர் ஷெர்மன்.

வேல்ஸில் ஆலைகள் ஏராளம், ஆனால் இந்தத் தொழிலுக்குப் பெரிதாகக் குடும்பப் பெயர் இல்லை. அவர்கள் அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள். அதனால் ஊரெல்லாம் ஜோன்ஸ், டேவிஸ். தொழில் அங்கே ஊர்ப்பெயரில் ஒளிந்துகொண்டது. டோனிபாண்டி என்ற பழைய சுரங்க ஊரின் ‘பாண்டி’ நம் பாண்டி இல்லை, வேல்ஷில் துணி மிதிக்கும் ஆலை. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் இதைப் பெண்கள் கூட்டமாகச் செய்தார்கள். நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத் துணியை அடித்துச் சுழற்றியபடி பாடுவார்கள், நம் நடவுப் பாட்டு மாதிரி ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். 20ஆம் நூற்றாண்டுவரை நடந்தது. அந்தப் பாட்டுகள் ஒலிப்பதிவில் இருக்கின்றன, பாடிய பெண்களின் வேலை யார் குடும்பத்துக்கும் பெயராகவில்லை.

அரச காடுகளில் ரோந்து சுற்றிய காவலர்களுக்கும் வாக்கர் என்ற பெயர் உண்டு. நிஜமாகவே நடந்தவர்கள். ஒன்றிரண்டு குடும்பங்களுக்குப் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் நாடு முழுக்கப் பரவிய பெயரைச் சுமக்க அவர்கள் காணாது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போனதும் பெயருக்கும் தொட்டிக்கும் இருந்த கடைசி நூலும் அறுந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு வெள்ளைக்காரக் குடும்பப் பெயர்களே பெயராயின, வாக்கர் உட்பட. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் கல்யாணத்துக்குப் பிறகும் தன் பிறந்தவீட்டுப் பெயரை விடவில்லை. காரணத்தை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டியின் பாட்டிக்கும் முந்தைய தலைமுறைப் பெண் ஒருவர், அடிமையாக, இடுப்புக்கு ஒன்றாக இரண்டு கைக்குழந்தைகளைச் சுமந்துகொண்டு வர்ஜீனியாவிலிருந்து ஜார்ஜியாவரை நடந்தே வந்தார். அந்த நடையின் நினைவாகத்தான் வாக்கர்.